ஸ்ரீரங்கத்து வெந்நீர் ஊற்று

மார்கழியில் ஒரு விடியற்காலை, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வாளியில் கைவைத்தவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். தண்ணீர் சுட்டது. எங்கள் வீட்டில் கீஸர் கிடையாது. குழாயில் வருவதெல்லாம் போர் தண்ணீர், அந்த மாதத்தில் அது ஐஸ் மாதிரிதான் இருக்கும். தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பிக் கூட்டிவந்தேன்.

அவருக்கு அரியமங்கலத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை இருக்கிறது. சூடு, குழாய், அழுத்தம் என்று எதைச் சொன்னாலும் முகம் மலர்ந்துவிடும். கூடவே, இமயமலையில் வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் கட்டிய ஓய்வு விடுதி ஒன்றின் வீடியோவை அந்த வாரம் முழுக்க யூட்யூபில் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரைக் கையில் ஏந்தி மோந்து பார்த்தார்.

"கந்தக வாசனை வருது பாரு," என்றார்.

நானும் மோந்தேன். சத்தியமாக எனக்கும் வந்தது.

மறுநாளும் அதே நேரத்தில் சுடுதண்ணீர் வந்தது. பட்டறையிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்து அளந்து, சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்தார். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில், நாங்கள் குடியிருக்கும் இந்த மூன்று மாடிக் கட்டடத்துக்கு அடியில், பூமி வாயைத் திறந்துவிட்டது என்று இருவரும் முடிவு செய்தோம். எதிர்வீட்டுத் தம்பதியிடம் நான்தான் உளறினேன். முழங்கால் வலிக்காரர்களான அவர்கள் மறுநாள் துண்டும் சோப்பு டப்பாவுமாக எங்கள் வாசலில் நின்றார்கள். குளித்து முடித்துவிட்டு, வலி பாதி குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டியூஷனுக்கு வந்த பிள்ளைகளுக்கு அன்று கணக்கைத் தப்பும் தவறுமாகப் போட்டுக் காட்டினேன்.

சாயங்காலம் கார் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு, தொட்டி எங்கே வரவேண்டும், உடை மாற்றும் அறை எங்கே வரவேண்டும் என்று இருவரும் திட்டம் போட்டோம். துண்டுகள் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி. அழுக்குத் தெரியாமல் காவியாக இருக்கட்டும் என்பது அவர் கட்சி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு சந்தோஷமாகச் சண்டை போட்டதில்லை.

எங்களுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில், கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் தனியாக வசித்தார். மாடிப்படியில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஊரே நம்பும் என்று தோன்றியதால், நான்காம் நாள் காலை மேலே போய் மணியடித்தேன். ஈரத் தலையோடு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, நடுங்கியபடி வந்து கதவைத் திறந்தார். நான் சொன்னதை எல்லாம் முகம் மாறாமல் கேட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் குளியலறைக்கு வந்து, தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்.

இந்தத் தீவு முழுக்க ஆறு கொண்டுவந்து போட்ட மணல் என்றும், அதற்கடியில் இருப்பது மலைக்கோட்டையைப் போன்ற மிகப் பழைய பாறை என்றும் பொறுமையாக விளக்கினார்.

"அந்தக் கல்லெல்லாம் எப்பவோ ஆறிப்போச்சும்மா. இங்க வெந்நீர் ஊத்து வர்றதுக்கு வழியே இல்ல."

"அப்ப இது எப்படிங்க சுடுது?" என்று என் கணவர் கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

பேராசிரியை நேராக மொட்டைமாடிக்குப் படியேறினார். நாங்கள் பின்னால் ஓடினோம். அங்கே, அவர் வீட்டுக்காகப் பத்து நாளைக்கு முன்பு புதிதாக வைத்த சோலார் ஹீட்டர் இருந்தது. அதற்குத் தண்ணீர் போகும் குழாயை, எங்கள் குளியலறைக்கு இறங்கும் குழாயிலிருந்தே பிரித்து இணைத்திருந்தார்கள். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு வைக்கவே இல்லை. என் கணவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். விடியற்காலையில் பொதுத்தொட்டி காலியாகும்போதெல்லாம், ஹீட்டரில் இருந்த வெந்நீர் அப்படியே பின்வாங்கி எங்கள் வீட்டுக்கு இறங்கியிருக்கிறது.

பேராசிரியை அந்தக் குழாயையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நாலு நாளா நான் பச்சைத்தண்ணில குளிக்கிறேன். நீங்க என் வெந்நீர்ல குளிக்கிறீங்க."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் அவர் சிரிக்க ஆரம்பித்தார். தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கந்தக வாசனையைப் பற்றிச் சொன்னபோது தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வால்வு கொண்டுபோய் மாட்டிக்கொடுத்தார். அன்று எங்களுக்குக் காப்பி கொடுக்கும்போதுதான் பேராசிரியை அதைச் சொன்னார். முப்பது வருஷமாக வகுப்பில் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறார், பலகையில் படம் போட்டிருக்கிறார், ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. குடும்பம், தேர்வுத்தாள், பிறகு கணவரின் உடல்நலம் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டதாம்.

"உங்க குழாயத் தொட்டப்ப ஒரு நிமிஷம் நானும் நம்பிட்டேன்," என்றார்.

மே மாதம் மூவருமாக ரயிலேறினோம். டெல்லி போய், அங்கிருந்து பஸ்ஸில் இரவும் பகலுமாக மலையேறி, அந்த வீடியோ விடுதிக்கே போய்ச் சேர்ந்தோம். பள்ளத்தாக்கில் பனி உருகிய ஆறு இரைந்துகொண்டு ஓடியது. அதன் கரையிலேயே, கல் தொட்டியிலிருந்து ஆவி புகைந்தது. பேராசிரியை பெட்டியை வழியில் போட்டுவிட்டு ஓடினார். அறுபத்தாறு வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

சுடிதாரோடு கழுத்துவரை இறங்கி உட்கார்ந்துகொண்டு, தொட்டிச் சுவரில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைத் தடவித் தடவிப் பார்த்தார். இந்த மலைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன, அடியிலிருக்கும் சூடான பாறை மேலே தள்ளப்பட்டுக்கொண்டே வருகிறது, பனி உருகிய நீர் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். இந்த முறை கந்தக வாசனை நிஜமாகவே அடித்தது. அழுகிய முட்டை மாதிரி இருந்தது. மூவரும் ஆசையாக மோந்தோம்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இந்தியில் ஊற்றின் கதையைச் சொன்னார், வடக்கில் வேலை பார்த்த பழக்கத்தில் என் கணவர் மொழிபெயர்த்தார். பனிக்காலத்தில் ஆடுகள் ஒரு பாறையை விட்டு எழுந்திருக்க மறுத்ததால்தான் மேய்ப்பர்கள் இதைக் கண்டுபிடித்தார்களாம். பிறகு மூட்டுவலி வந்த ஒரு ராஜா தொட்டி கட்டினார். வெள்ளைக்காரர்கள் தகரக் கூரை போட்டார்கள். ஒருமுறை பூமி அதிர்ந்து ஊற்று வற்றிப்போய், கொஞ்ச நாள் கழித்துக் கீழே ஆற்றங்கரையில் வெளிப்பட்டது. தேவி கோபித்துக்கொண்டு வீடு மாறிவிட்டாள் என்று ஊரார் நினைத்தார்களாம்.

"வெடிப்பு நகர்ந்திருக்கு. அவர் சொல்றது சரிதான்," என்று பேராசிரியை துள்ளினார். தண்ணீர் என் மூக்கில் ஏறியது.

அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றுக்கண்ணில் தொங்கவிட்டால் வெந்துவிடும் என்று பெரியவர் சொன்னார். நாங்கள் எடுத்துப்போயிருந்த பொன்னி அரிசி அப்படியே பூவாக வெந்து வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசைந்து, ஈரத் தலையோடு பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரியவருக்கும் கொடுத்தோம். காரத்தில் அவருக்குக் கண் கலங்கியது, ஆனாலும் மறுபடி கை நீட்டினார்.

மூன்றாம் நாள் மதியம் எங்கள் பஸ். பேராசிரியை கடைசியாக ஒரே ஒரு முழுக்கு என்றார். எனக்கும் ஒன்று என்று நான் இறங்கினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்ற என் கணவரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். மேலே ரோட்டில் பஸ் இரண்டுமுறை ஹாரன் அடித்து, வளைவில் திரும்பி மறைந்தது. அடுத்த பஸ் நாளைக்குத்தான் என்றார் பெரியவர்.

"நல்லதாப் போச்சு," என்றார் பேராசிரியை, மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி மூழ்கினார்.