டைட்டு மாமாவின் எஞ்சின்

என் அக்கா வீட்டுக்காரரை அவர் வேலை பார்த்த பம்ப் ஹவுஸில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டைட்டு என்றால்தான் தெரியும். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பெரிய பம்புகளில் எங்கே ஒழுகினாலும் அவரைத்தான் அனுப்புவார்கள். போவார், பார்ப்பார், பேக்கிங் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றி ஸ்பேனரால் இறுக்குவார். "டைட்டு பண்ணியாச்சு" என்பார். அன்றைக்கு அவர் பேசும் பேச்சு அநேகமாக அதோடு சரி. வீட்டிலும் அதே கதைதான். அக்கா பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள், அவர் "ம்" போடுவார். அந்த "ம்" சம்மதமா, வேண்டாமா என்று பிரித்துச் சொல்ல அக்காவால் மட்டும்தான் முடியும். எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ரிட்டையர் ஆன கையோடு, பழைய இரும்புக் கடையிலிருந்து சில சாக்கு மூட்டைகளை வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். மூட்டைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒற்றை சிலிண்டர் வண்டி, அவர் பிறப்பதற்கு முன்னால் செய்தது. இரும்புக் கடைக்காரர் எடைக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். "முழு வண்டியும் இருக்கா மாமா, இல்ல பாதியா?" என்று கேட்டேன். "ம்" என்றார்.

கை என்றால் அது கை, அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டுக் கூடத்தில் சாக்கை விரித்து, துருப்பிடித்த ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேய்த்து, இல்லாததை லேத்தில் கடைந்து வாங்கி, ஒரு எஞ்சினைத் திரும்பப் பிறக்க வைத்தார். அக்கா கூடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுச் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிவி பார்த்தாள். வண்டி முதல்முதலாக ஸ்டார்ட் ஆன அன்று தெருவே எட்டிப் பார்த்தது. மாமா முகத்தில் பல்லைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் எஞ்சின் ஒழுகியது. கொஞ்சநஞ்சம் இல்லை. கூடத்தில் நிறுத்தி வைத்த இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு எப்போதும் கிடக்கும். ஒருநாள் காலை அக்கா அந்தத் திட்டில் கால் வைத்து வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாமாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாவுக்கட்டு போட்டதும், மகள் வந்து, "கொஞ்ச நாள் எங்ககூட இருக்கட்டும்" என்று அக்காவைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கட்டைப் பிரித்தாயிற்று. எலும்பும் கூடிவிட்டது. அக்கா வரவில்லை. மாமா ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன். "எப்ப வர?" என்று கேட்டார். "முதல்ல தரை காயட்டும், அப்புறம் வரேன்" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானாக இருந்தால் நாலு நாள் கழித்து நேரில் போய் நின்றிருப்பேன். இவர் அதை மேலதிகாரி கொடுத்த வேலை உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார். தரையைக் காயவைத்தால் மனைவி வந்துவிடுவாள். கணக்கு அவ்வளவுதான்.

அதன்பிறகு அந்த மனிதர் கசிவைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. எண்ணெய் ஒரு இடத்தில் புறப்பட்டு இன்னொரு இடத்தில்தான் சொட்டும், சொட்டுகிற இடத்தை நம்பக் கூடாது என்பார். அதனால் எஞ்சினைக் கழுவித் துடைத்து, மேலே முழுக்க முகப்பவுடரைத் தூவுவார். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து, பவுடரில் முதல் ஈரம் எங்கே படுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பவுடர் அக்கா விட்டுப்போன டப்பா. காலையில் கடை திறக்கப் போகும் வழியில் நான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உள்ளே நுழைந்தால் அக்கா குளித்துவிட்டு வந்து நிற்கிற மாதிரியே கூடம் மணக்கும். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். அவருக்கு எப்படி இருந்திருக்குமோ!

மேஜைக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் போட்டு, அதன்மேல் எமரி தாளை ஒட்டி, எஞ்சின் மூடிகளை ஒவ்வொன்றாக எட்டுப்போட்டுத் தேய்த்து மட்டமாக்கினார். மூடிகளுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டுகளைப் புதிதாக வெட்டினார். எஞ்சின் தலையில் இருக்கும் டாப்பெட் மூடியில் கசிவு நின்றது. உடனே பக்கத்து மூடியில் ஆரம்பித்தது. அதை இறுக்கினால் கீழே ஆயில் சீலில் வந்தது. அதை மாற்றினால் மறுபடி மேலே. இவரும் எஞ்சினும் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு அதிசயம், மாமா பேச ஆரம்பித்துவிட்டார். எலக்ட்ரிக் சாமான் விற்கும் என் கடைக்குப் போன் வரும். "மச்சான், மேல காஞ்சிடுச்சு. இப்ப டைமிங் மூடியிலதான் வருது." கடையில் ஆள் நிற்கிறார் என்றால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அக்காவுக்கும் தினமும் போன் செய்து இதையேதான் சொன்னார். சாப்பிட்டாயா, தூங்கினாயா, கை வலிக்கிறதா, ஒன்றும் கிடையாது. எந்த மூடி, எந்த போல்ட், எத்தனை சொட்டு. இப்போது "ம்" போடுவது அக்காவின் முறையாகிவிட்டது.

"மாமா, பேசாம வண்டியைக் கொட்டகையில நிறுத்திட்டு அக்காவைப் போய்க் கூட்டிட்டு வாங்க" என்று ஒருநாள் எரிச்சலில் சொன்னேன்.

"ஒழுகிட்டு இருக்கும்போது எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கூப்பிடறது?" என்றார்.

கடைசியில் வழி பிறந்தது அவருடைய மறதியால். எண்ணெய் ஊற்றும் மூடியை இறுக்க மறந்து ஒருநாள் கடைத்தெருவரை போய் வந்திருக்கிறார். டைட்டு மாமா ஒரு மூடியை இறுக்க மறந்தார் என்று பம்ப் ஹவுஸில் சொன்னால் அடிக்க வருவார்கள். அன்று காலை பேத்தி போனில் முதல் தடவையாகத் தாத்தா என்றிருக்கிறது, மனிதர் அந்த நினைப்பிலேயே இருந்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் மூடியைச் சுற்றி மட்டும் லேசாக எண்ணெய், மற்ற எல்லா இடமும் வெள்ளை வெளேரென்று பவுடர்.

எனக்குப் போன் வந்தது. "மச்சான், எஞ்சினோட பக்கவாட்டுல ஒரு ஓட்டை இருந்துச்சு. அதுக்கு வர்ற குழாய் மூட்டையில இல்ல. திறந்து கிடக்கேன்னு நான் ஒரு போல்ட் போட்டு அடைச்சுட்டேன். அது எஞ்சின் மூச்சு விடற ஓட்டை. பிஸ்டன் கீழ வரும்போது உள்ள இருக்கிற காத்து அது வழியா வெளிய போகணும். போக வழியில்லேன்னா எண்ணெயையும் தள்ளிக்கிட்டு கிடைச்ச சந்துல எல்லாம் வரும். இன்னைக்கு இறுக்காத மூடி வழியா காத்து போயிடுச்சு, அதான் வேற எங்கயும் வரல."

"இத்தனை நாளும் நீங்க அடைச்ச ஓட்டையாலதான் ஒழுகிச்சா?"

"ஆமா. பம்புல ஒரு ஓட்டையைத் திறந்து விட்டதே இல்லையே மச்சான். கை தானா போயிடுச்சு." வாழ்நாளெல்லாம் ஓட்டை அடைத்த மனிதர் வேறென்ன செய்வார்! ஒரு குழாய் வாங்கி மாட்டினார். கசிவு நின்றது. நின்றது என்றால், அடியோடு. கூடத்துத் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தார். "தரை காஞ்சிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். மாமா சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, என்னையும் வரச்சொல்லியிருந்தார். அவள் செருப்பைக் கழற்றியதும் வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். கூடம் அதிர அது ஓடியது. நிறுத்திவிட்டுத் தாளை உருவி அவள் கையில் கொடுத்தார். ஒரு பொட்டு இல்லை. "பாரு" என்றார்.

அக்கா தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "நல்லா பண்ணிட்டீங்க" என்றாள். காபி போட்டுக் கொடுத்தாள். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம் உள்ளே போய் பீரோவைத் திறந்து மீதியிருந்த தன் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். மாமா வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ் ஸ்டாப்புல விடட்டுமா?" என்று கேட்டார். "வண்டி இருக்கு."

"வேண்டாம், தம்பி வரான்."

நடக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. "ஏன்க்கா, மனுஷன் உயிரைக் கொடுத்து நிறுத்தியிருக்கார். நீதானே தரை காயட்டும்னு சொன்ன?"

"ஏதோ சொல்லணும்னு சொன்னேன்டா." பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "அன்னைக்கு நான் விழுந்ததும் ஓடி வந்தார். குனிஞ்சார். தூக்கத்தான் குனியறார்னு நான் கையை நீட்டினேன். அவர் தரையில இருந்த எண்ணெயை விரலால தொட்டு, மோந்து பார்த்துட்டு, எஞ்சினை நிமிர்ந்து பார்த்தார். அதுக்கப்புறம்தான் என்னைப் பார்த்தார்."

"அது தொழில் பழக்கம்க்கா."

"எனக்குத் தெரியாதா? கெட்ட மனுஷன்னு நான் சொல்லவே இல்லையே. ஆனா நீட்டின கை அப்படியே நின்னுச்சுடா. அங்க பேத்தி, நான் கூப்பிட்டா திரும்பிப் பார்க்குது. அது போதும்னு தோணிடுச்சு." பஸ் வந்தது. ஏறும்போது, "அவர்கிட்ட சொல்லாத. சொன்னா அதையும் டைட்டு பண்ணக் கிளம்பிடுவார்" என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் சாப்பாட்டோடு போனேன். மாமா முக்காலியைப் போட்டு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்பேனர்களெல்லாம் சாக்கின்மேல் வரிசையாகக் கிடந்தன. எஞ்சின் முழுக்கப் புதிதாகப் பவுடர் தூவியிருந்தது.

"என்ன மாமா இது, அதான் நின்னுடுச்சே?"

"எங்கயோ கசியுது மச்சான்" என்றார். "எனக்குத்தான் தெரியல. இல்லேன்னா அவ எதுக்கு…" மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ ஒருதடவை பாரேன். உன் கண்ணு நல்ல கண்ணு."

சாப்பாட்டை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். மூடிகள், போல்ட்டுகள், சீல், குழாய் என்று ஒன்று விடாமல் பார்த்தேன். எல்லாம் பொட்டுக்கூட ஈரம் இல்லாமல் காய்ந்து கிடந்தன. அக்கா சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியில, பின்பக்கத்து போல்ட்டுகிட்ட லேசா ஈரமா இருக்கு மாமா" என்றேன்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து, அந்த போல்ட்டையே ரொம்ப நேரம் பார்த்தார். காய்ந்த போல்ட்டை ஈரம் என்று நம்புகிற மனிதரா அவர்?

"ஆமா, இருக்கு" என்றார்.

கையை நீட்டினார். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.