பெல்ட்டுக்கு எட்டு மாதச் சிறை

கிடங்கு வாசலில் இருபது வருடமாக நிற்கும் காவலாளிக்கு பெல்ட்தான் கௌரவம். பித்தளை பக்கிளைப் பளபளக்கத் துடைத்து, தொப்புளுக்கு நேராக மாட்டிய பிறகுதான் அவர் மனிதரோடு பேசுவார். ஆகவே அந்தத் தொப்புளுக்குள் மிளகளவு கறுப்பாக ஏதோ முளைத்தபோது, குற்றவாளியைத் தேடும் விசாரணை நீளவில்லை; முதலில் அழுக்கு, அடுத்து பெல்ட்.

"அழுக்குங்க அது. குளிக்கிறீங்களா, தண்ணிய வேடிக்கை பாத்துட்டு வர்றீங்களா?" என்று மனைவி சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அழுக்கு போகவில்லை, ரத்தம் வந்தது.

தெருமுனை டாக்டர், நாற்காலியை விட்டு எழாமலே பக்கிளைப் பார்த்தார். "இதுதான் உரசுது. லூசாப் போடுங்க." ஒரு களிம்பு. அடுத்த தடவை வேறு களிம்பு. மூன்றாம் தடவை காவலாளி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கேன்சரா இருக்குமோ சார்?"

"தோல் கேன்சர் வெயில் படுற இடத்துல வரும்யா. மூக்கு, காது, நெத்தி. உம்ம தொப்புள் என்னைக்கு வெயில் பாத்துச்சு?"

வெளியே காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். காவலாளிக்கு உச்சி வரை எரிந்தது. அந்தக் கோபத்தைக் காட்ட வேறு ஆள் கிடைக்காமல், பெல்ட்டைக் கழற்றி அலமாரியில் பூட்டினார்.

எட்டு மாதம் ஒரு கையால் சல்யூட், மறு கையால் பேண்ட். "சொந்தப் பேண்ட்டையே காக்க முடியல, கிடங்க எங்கய்யா காக்கப் போறே?" என்றார் மேனேஜர்.

பெல்ட் உள்ளே இருக்க, கறுப்பு மட்டும் பட்டாணியளவு வளர்ந்தது. நடுவில் குழி, விளிம்பில் முத்துப் போல மினுமினுப்பு.

"பெல்ட்டு போயி எட்டு மாசமாச்சு. இன்னும் எது உரசுதாம்? கிளம்புங்க!" என்று மனைவி பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

தோல் டாக்டரம்மா சொன்ன முதல் வார்த்தை: "சட்டையத் தூக்குங்க." இத்தனை நாளில் யாரும் சொல்லாத வார்த்தை. லென்ஸ் வைத்துப் பார்த்தார். துளி கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். அடுத்த வாரம் முடிவு வந்தது.

"தோல் கேன்சர்தான். 'பேசல் செல்'ங்கிற ரகம், கறுப்பா வந்திருக்கு. தொப்புள்ள வர்றது ரொம்ப அபூர்வம். உடம்பெல்லாம் பரவுறது அரிது. விட்டா உள்ளே தோண்டிட்டே போகும். தொப்புளோட எடுத்துடலாம்."

"அபூர்வம்னா, அந்தத் தெருமுனை டாக்டர் சட்டையத் தூக்கிப் பாக்கவும் கூடாதா?" என்றாள் மனைவி.

எடுத்தார்கள். தையல் ஆறியதும், காவலாளி பெல்ட்டை விடுதலை செய்து, துடைத்து, சற்று இறக்கி மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். வரிசையில் நிற்காமல் உள்ளே நுழைந்து சட்டையைத் தூக்கினார். வயிற்றில் ஒரு தழும்பு, தொப்புள் இல்லை.

"இப்பவாவது பாருங்க சார்!"

டாக்டர் பக்கிளைப் பார்த்தார்.

"அங்க இல்லய்யா! இங்க!"