எல்லைக்கரையில் கிடந்த ஓட்டாஞ்சில்லுகள்

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷம், ஆனிச் சாரல் தொடங்கிய சமயம். இன்டர்மீடியட் பரீட்சை எழுதிவிட்டுத் தென்காசியில் மாமா வீட்டில் இருந்தேன். எல்லாரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவார்கள். நான் மலையடிவாரக் காட்டுக்குள் பழைய எல்லைக்கரையைப் பார்க்கப் போவேன். எந்தக் காலத்திலோ ஒரு பாளையக்காரர் அகழி தோண்டி, அந்த மண்ணையே நீளக் குவித்து எல்லை காட்டிய கரை. மார்பளவு உயரம், மேலெல்லாம் மூங்கிலும் புதரும்.

ஒரு மத்தியானம் கரைமேல் ஓட்டாஞ்சில்லுகள் குவிந்து கிடந்தன. கிளறக் கிளற அடியிலும் ஓடு. அந்தக் காலத்துக் காவல்காரர்கள் பொங்கித் தின்ற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு துண்டில் அள்ளிக் கட்டினேன்.

"என்ன தம்பி, சட்டிக்கடை வைக்கப் போறியளோ?"

கீழே ஒரு விவசாயி சோற்றுச் சட்டியோடு நின்றார். என் கண்டுபிடிப்பை மூச்சுவிடாமல் சொன்னேன்.

"மேல கெடக்கது நேத்து உடைஞ்சது. அடியில உள்ளது ஆறேழு வருசம் இருக்கும். ராசா காலமும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. எம் பொண்டாட்டி உடைச்சது."

அவர் மனைவிக்குப் பெருநோய், குஷ்டம். ஊர் கூடி, கரைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசையில் அவளை வைத்துவிட்டது. அவர் தாண்டிப் போனால் அவர் குடும்பத்துக்கும் ஊரில் இடமில்லை. வீட்டில் கல்யாணம் நிச்சயமான மகள் இருந்தாள். அதனால் தினமும் சோற்றைக் கரைமேல் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருவார். அவள் தொட்ட சட்டி ஊருக்குள் திரும்பக் கூடாது. சாப்பிட்டதும் அங்கேயே உடைத்துப் போடுவாள்.

"அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் எந்திரிப்பேன். சண்டைக்காரி, ஓங்கித்தான் போடுதா" என்று சிரித்தார். அன்று நானும் அதைக் கேட்டேன். ஓடுகளை இருந்த இடத்திலேயே கொட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது, அவர் புதுச் சட்டியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சட்டி கரைமேல் முழுசாக இருந்தது. சோற்றில் எறும்பு.

"நேத்து மழை இரைச்சல்ல சத்தம் காதுல விழலன்னு நெனச்சுப் போயிட்டேன். கூப்பிட்டும் பதில் இல்ல. கொஞ்சம் அங்கன எட்டிப் பாத்துட்டு வாரியளா தம்பி?"

நான் கரையேறி மறுபக்கம் இறங்குவதற்குள் பின்னால் ஆள் குதித்த சத்தம். என்னை முந்திக்கொண்டு அவர் ஓடினார்.

குடிசையில் அவள் சுருண்டு கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வந்துட்டம்லாட்டி, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இருவருமாகக் குழி வெட்டினோம். மகளுக்குச் சொல்லி அனுப்பவா என்றேன். வேண்டாம் என்றார், அவர் கரையைத் தாண்டியது ஊருக்குத் தெரிந்தால் அவள் கல்யாணம் நின்றுவிடும். திரும்பி வரும்போது, மனைவி தொடாத அந்த முந்தின நாள் சட்டியை எடுத்து, அவள் உடைப்பது போலவே ஓங்கி உடைத்தார்.

இன்றும் எங்காவது சட்டி உடையும் சத்தம் கேட்டால், யாரோ சாப்பிட்டு முடித்துவிட்டார்கள் என்று ஒரு கணம் நிம்மதியாக இருக்கிறது. அப்புறந்தான் அவள் தொடாத அந்தச் சட்டி நினைவுக்கு வருகிறது.