கவர் சத்தம்

திருத்தணி மலையில் ஒரு குரங்கு என் கையிலிருந்த வடைக் கவரைப் பிடுங்கியபோது எனக்குப் பத்து வயது. அது கடிக்கவில்லை. தோளில் ஏறி, முடியை இழுத்து, காதருகே கவரைச் சரசரவென்று கிழித்தது, அவ்வளவுதான். மலையிறங்குவதற்குள் அழுகை நின்றுவிட்டது. வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்துக்கூட முடித்துவிட்டோம்.

சில நாட்களில் அக்காவைப் பெண் பார்க்கப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தார்கள். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு நான் கூடத்துக்குப் போனேன். மாப்பிள்ளை காலடியிலிருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து ஜிலேபிப் பெட்டியை வெளியே இழுத்தார். சரசர. அதற்குப் பிறகு எதுவும் என்னைக் கேட்டு நடக்கவில்லை. தட்டு விழுந்தது. கத்தியது நான்தான் என்று பிறகுதான் தெரிந்தது. காலோடு சூடாக மூத்திரம் இறங்கி, ஜமுக்காளம் நனைந்தது.

மாப்பிள்ளையின் அம்மாதான் மெதுவாகக் கேட்டார்: "இன்னாங்க, சின்னப் பொண்ணுக்கு வலிப்பு கிலிப்பு இருக்குதா?"

"அதெல்லாம் இல்லீங்க. கொரங்கப் பாத்து பயந்துகினு இருக்குது," என்றார் நைனா. கூடத்தில் குரங்கு எதுவும் இல்லாததால் அந்தப் பதில் எடுபடவில்லை.

பின்கட்டில் அக்கா பட்டுப்புடவையோடே என் பாவாடையை அலசினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தலை நிமிர்ந்திருப்பேன். அவர்களிடமிருந்து பதில் வர வெகுநாள் ஆயிற்று. அதுவரை என்னெதிரே யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. ஒளிய இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

எப்படியோ அதே மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது; அவர் எனக்குப் பாவா ஆனார். பாவா ஞாயிறுதோறும் அக்காவோடு வருவார். கையில் அதே மாதிரிக் கவர். வாசலில் நின்று அதை மெல்லக் கசக்குவார். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஓடுவேன்.

"நீ வராதம்மா. நான் இங்கியே வச்சிகினு இருக்கேன்," என்பார். ஒரு ஜிலேபியை எடுத்து நிதானமாகத் தின்பார். அடுத்த வாரம் கொஞ்சம் உள்ளே வந்து உட்கார்வார்.

இப்போது சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் மூளையைப் பார்ப்பது என் வேலை. ஒரு சத்தமும் ஒரு வலியும் சேர்ந்து வந்தால், இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் முனை ஒரே தடவையில்கூட பலப்பட்டுவிடும். பிறகு சத்தம் மட்டுமே போதும். யோசனை வருவதற்குள் உடம்பு பயந்து முடித்திருக்கும். வலியில்லாமல் அதே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால், வேறு அணுக்கள் அந்தப் பயத்தை அடக்கக் கற்றுக்கொள்கின்றன.

பத்து வயதில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? நான் கோழை, அக்காவின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தவள் என்பது மட்டும்தான் தெரியும். அதைத்தான் பாவா வாராவாரம் குத்திக்காட்டுகிறார் என்று நம்பினேன்.

ஒரு ஞாயிறு, அவர் மடியிலிருந்த கவருக்குள் நானே கைவிட்டு ஒரு ஜிலேபி எடுத்தேன். சரசரத்தது. ஒன்றும் ஆகவில்லை. பாவா கண் கலங்கி அக்காவைப் பார்த்தார். அன்றைக்கு நடந்ததை நினைத்துச் சிரிப்பை அடக்குகிறார் என்று எண்ணிக்கொண்டு, சமையலறைக்குள் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றேன்.