தறிக்கூடத்துப் பேச்சு

மும்பைப் பக்கம் பிவண்டியில் ஊர்ப்பையன்களின் அறையை விட்டுப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். நான் ஆண்களை விரும்புகிறவன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. "ஏலே, பாய்னு தெரிஞ்சுதான் ஒன்னையச் சேத்துக்கிட்டோம். இது வேற. கெளம்பு" என்றான் முத்து.

அடுத்த தெருவில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அருப்புக்கோட்டையில் அத்தாவும் நானும் வேலை பார்த்த கூடத்திலும் இதே இரைச்சல்தான். பேசினால் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம், எதிர்த்தறி கணேசனிடம், "ஒன்னையத்தாண்டா எனக்குப் புடிச்சிருக்கு" என்று குரலெடுக்காமல் சொன்னேன். அவன் சிரித்தான். மூன்று தறி தள்ளி நின்ற அத்தாவும் அதைப் படித்துவிட்டார். தறியை நிறுத்தாமல், அவரும் உதட்டாலேயே சொன்னார்: "நாளைக்கே பஸ்ஸு ஏறிரு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்." அப்படித்தான் பிவண்டிக்கு வந்தேன்.

முத்து கிளம்பச் சொன்னதற்கு மறுநாள் காலை, பிவண்டியில் அந்தத் தெருவிலேயே தறி ஓட்டச் சேர்ந்தேன். சுற்றிலும் பீகார்க்காரர்கள். கணேசன் பேரை உதட்டால் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.