ஒரே கட்டளையும் செல்வியின் படமும்

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு இரவு வேலை பார்க்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: நம் தொழிலில் வேலை சுலபம், வேலைக்கு மெஷினைத் தயார்பண்ணுவதில்தான் ஆயுள் போகிறது.

டிவி வயர்

இலங்கையில் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, விடிய விடிய வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது என் பிழைப்பு. இடி இடித்தால் லயத்தில் எல்லாரும் ஓடிப்போய்ப் பிடுங்குவது டிவி வயரை. நானும் டிவியைக் காப்பாற்றினேன். லேப்டாப் வயரை மறந்தேன். டிஸ்க் போச்சு. புது டிஸ்க்கில் தமிழ் கீபோர்ட், எழுத்துரு, கம்பெனி புரோகிராம் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் போடுவதற்குள் இரண்டு இரவு வேலை போனது. இன்னொரு தடவை வராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்றார் மேலாளர்.

அந்தப் பயத்தில், தட்டுத்தடுமாறிப் படித்து, அத்தனையையும் ஒரே கோப்பில் கட்டளைகளாக எழுதினேன். ஓடவிட்டால் போதும், வெறும் மெஷின் என் மெஷினாகிவிடும். கொழுந்து பறித்துவிட்டு வந்த என் மனைவி செல்வி, திரையில் தானாக ஓடும் வரிகளைப் பார்த்தாள். “ஏங்க, இம்புட்டையும் மண்டையிலயா வச்சிருந்தீங்க? அதான் நான் சொல்றது ஒண்ணும் உள்ள போகல.”

கல்லாப் பக்கம்

டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும், எனக்கு அண்ணன் மாதிரியான ரஷீத் நானா, கல்லாவில் வைத்து பில் போடப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினார். பெருமையாக என் கோப்பை அதில் ஓடவிட்டேன். அது ஒன்றையும் விடாது என்பதை நானே மறந்துபோனேன். கீபோர்ட் வந்தது, எழுத்துரு வந்தது, கடைசியில் திரை முழுக்கச் செல்வியும் வந்தாள்; மலையில் என்னை முறைத்தபோது எடுத்த படம். கூசிப்போய் மாற்றப் போனேன். நானா கையைப் பிடித்தார். “இருக்கட்டும் தம்பி. தங்கச்சி முறைக்கிற முறைப்புக்கு எவனும் வெல கொறைக்கச் சொல்ல மாட்டான்.”

முறைப்பு

போன மழையில் தகரக் கூரை ஒழுகி என் லேப்டாப் தண்ணீர் குடித்தது. இருட்டினால் வேலை. எல்லாவற்றையும் நகலெடுக்கும் அந்தக் கோப்பை நான் நகலெடுத்து வைக்கவில்லை. நானா கடையில் மூட்டை தூக்கவாவது கேட்போம் என்று பஸ் ஏறினேன்.

கடையில் செல்வி முறைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது: என் கீபோர்ட், கம்பெனி புரோகிராம், அந்தக் கோப்பு, எல்லாம் அந்தக் கல்லா லேப்டாப்பிலேயே இருந்தன. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நானா வயரைச் சுருட்டி லேப்டாப்பை என் கையில் வைத்துவிட்டு, பில் எழுதப் பேனாவைத் தேடினார். “கொண்டு போங்க தம்பி. தங்கச்சிய மட்டும் பத்திரமா திருப்பிக் கொண்டாந்து வச்சிடுங்க.”

எந்த மெஷினையும் இப்போது ஒரே கட்டளையில் எழுப்பிவிடுகிறேன்; நன்றி சொல்வதற்குத்தான் கட்டளை எழுத வரவில்லை, ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறித்தான் போகவேண்டியிருக்கிறது.