எண்ண முடியாத வேட்டு

ஜல்லி எங்கிருந்து வருகிறது? லாரியிலிருந்து... போன வாரம் வரை எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான்.

வீடு கட்டுகிறேன் என்று இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நிறைய எழுதிப் புலம்பியாயிற்று. இந்த முறை வந்த ஜல்லி மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. "நேரா பாறைக்குழிக்கே போயிரலாமுங்க" என்றார். மொபெட்டில் அவரை ஏற்றிக்கொண்டு காரமடைப் பக்கத்துக் கல்குவாரிக்குக் கிளம்பினேன்.

மதியம் ஒரு மணி. குழிக்குச் சற்று முன்னால் சிவப்புக் கொடியோடு ஒருவர் மறித்தார். தினமும் இந்த நேரத்துக்குத்தான் வெடி வைப்பார்களாம். பக்கத்திலிருந்த ஓட்டு வீட்டில் ஒதுங்கினோம்.

அந்த வீட்டு அம்மாள் பெயர் ருக்மணி. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பலகை மேலிருந்த எவர்சில்வர் குடங்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தார். கடைசியாக, சுவரிலிருந்த கணவரின் போட்டோவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

டமார்! ஓடெல்லாம் குலுங்கியது. மேஸ்திரி என் தோளைப் பிடித்துக்கொண்டார். (நான் எதைப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்வதாக இல்லை.)

"முடிஞ்சுதுங்களா?" என்றேன்.

"தெரியலீங்களே..." என்ற அந்த அம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது என்ன பதில்? பிறகுதான் சொன்னார்.

அவருடைய மாமனார் காலத்தில் பாறையில் வரிசையாகக் குழி அடித்து, இரும்பு ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடித்துப் பிளப்பார்களாம். பலகைக் கல் வேண்டுமென்றால் பாறை மேல் விறகை எரித்து, சூட்டில் மேல்பாகம் ஏடாகப் பிரிந்ததும் நெம்பி எடுப்பார்களாம். வெடியே கிடையாது.

"அது நல்ல காலம்..." என்று ஆரம்பித்தேன்.

"என்னங்க நல்ல காலம்? மாமனாருக்கு ஒரு கண்ணு அதுலதானுங்க போச்சு. சில்லு தெறிச்சு."



கணவர் காலத்தில் வெடிமருந்தும் திரியும் வந்தன. திரி கொளுத்துவது அவர் வேலை. ஒவ்வொன்றாகப் பற்றவைத்துவிட்டு ஓடிவர வேண்டும். அதற்கு முன்னால் கொடிக்காரர் தெருவைப் பார்த்து, "இன்னிக்கு ஏழு வேட்டு!" என்று கத்துவார். வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு எண்ணுவார்கள். ஏழும் கேட்டால்தான் குடம் மேலே ஏறும்.

"ஒரு நாளு ஆறுதானுங்க கேட்டுது. ஏழாவதுக்குக் காத்துக்கிட்டே இருந்தேன். அவரும் ரொம்ப நேரம் பொறுத்துப் பாத்துப்போட்டுத்தான் கிட்டப் போனாருங்களாமா..." மடியிலிருந்த போட்டோவை முந்தானையால் துடைத்தார். "அப்புறம் கேட்டுதுங்க."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஏழாவது சத்தத்தை இந்த அம்மாள் இதே இடத்தில் உட்கார்ந்துதானே கேட்டிருப்பார்?

இப்போது கம்ப்ரஸர் வைத்து ஆழமாகத் துளை போடுகிறார்கள். ஒயர் இழுத்து, தூரத்தில் நின்று ஒரு பெட்டியில் சாவியைத் திருகினால் போதும் — எல்லாம் ஒன்றாக வெடிக்கும். யாரும் ஓட வேண்டியதில்லை. "முன்னைக்கு இது எவ்வளவோ தேவலைங்க" என்று மேஸ்திரி ஆறுதல் சொன்னார். உண்மைதான்.

ஆனால் சாவியைத் திருகுவது ருக்மணி அம்மாளின் மகன் செல்வராஜ்.

"தேவலைதானுங்க. ஆனா எல்லாம் ஒரே சத்தமாப் போயிருதுங்க. அதுல ஒண்ணு வெடிக்காம உள்ளயே கெடந்தா எனக்கு எப்படிங்க தெரியும்? முன்னயாவது எண்ணிக்கிட்டு இருந்தேன்."

புது முறைகள் வர வர ஆபத்து குறைகிறது. ஒப்புக்கொள்கிறேன். பயம் குறைகிறதா?

வெகுநேரம் கழித்து, தலையெல்லாம் தூசியோடு செல்வராஜ் உள்ளே வந்து, "சோறு போடும்மா" என்றான். அப்போதுதான் அந்த அம்மாள் எழுந்தார். போட்டோ ஆணிக்குப் போனது. குடங்கள் பலகைக்கு ஏறின.

ஜல்லி வந்து இறங்கிவிட்டது. நல்ல ஜல்லி என்கிறார் மேஸ்திரி. நேற்று சாப்பிட உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் மணி ஒன்று. சோற்றில் கை வைக்க முடியவில்லை...

செல்வராஜ் சாப்பிட வந்திருப்பான், இல்லையா?